வெளிநாட்டு மருத்துவ வழிகாட்டியை நம்மூருக்கு ஏற்ப மாற்றுவது: மலேசிய மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர், பினாங்கு வட்டாரத்தில் கிளினிக்கோ மருத்துவமனைப் பிரிவோ நடத்துகிறவர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. இதில் வரும் மருந்துப் பெயர்களும் அளவுகளும் வழிகாட்டியை எப்படித் திருத்துவது என்று காட்டும் உதாரணங்கள். நோயாளிகள் இதைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ளக் கூடாது.

சுகாதார அமைச்சின் சி.பி.ஜி. (மருத்துவ நடைமுறை வழிகாட்டி) இருக்கிறதே, நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்?

பல நேரம் மெனக்கெடவே வேண்டாம். புத்ராஜெயாவில் சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் மாஹ்தாஸ் என்ற மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுப் பிரிவு முக்கியமான நோய்களுக்கு சி.பி.ஜி. வெளியிடுகிறது. பலவற்றுக்குக் கைச்சுருக்கமும் பயிற்சிப் பாடமும் உண்டு. முதலில் அங்கே தேடுங்கள். அங்கே இருக்கிறது, பழசாகவும் இல்லை என்றால் வேலை முடிந்தது. அதை உங்கள் இடத்தில் யார், எப்போது, எந்தப் படிவத்தில் செய்வது என்று எழுதிக்கொண்டால் போதும். அதற்குப் பெயர் நடைமுறைக் குறிப்பு. தகவமைப்பு, அதாவது வெளிநாட்டுப் பரிந்துரைகளை நம் இடத்துக்கு ஏற்பத் திருத்துவது, வேறு.

வெளிநாட்டு வழிகாட்டியைத் தகவமைக்க வேண்டி வருவது மூன்று நிலைகளில்: தலைப்புக்கு சி.பி.ஜி. இல்லை; இருக்கிறது, ஆனால் அதன் பிறகு பெரிய ஆய்வுகள் வந்துவிட்டன; இருக்கிறது, ஆனால் உங்களிடம் வரும் நோயாளிக் கூட்டத்தை அது தொடவில்லை. மூன்றாவது வகைக்குக் கீழே தைப்பூச விரதத்தை எடுத்துக்கொண்டு முழு உதாரணம் தந்திருக்கிறோம்.

எங்கள் துறையில் ஏற்கெனவே ஒரு பிரிட்டிஷ் வழிகாட்டியைச் சுருக்கி இரண்டு பக்கம் ஆக்கிவிட்டோம். அது தகவமைப்பு ஆகாதா?

ஆகாது. சுருக்கும்போது பரிந்துரை அப்படியே இருக்கிறது, பக்கம்தான் குறைகிறது. தகவமைப்பில் பரிந்துரையைப் பிரித்து, ஆதாரம் ஒரு பக்கம், அந்த ஆதாரத்தின்மேல் அவர்கள் எடுத்த முடிவு ஒரு பக்கம் என்று வைக்க வேண்டும். ஆதாரம் லண்டனுக்கும் செந்தூலுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். முடிவு அப்படியல்ல. செலவு, மருந்து கிடைப்பது, ஆள்பலம், நோயாளி எதைப் பெரிதாக நினைக்கிறார் என்பதெல்லாம் கலந்து வந்தது அது. நாம் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சத்தமில்லாமல் செய்த மாற்றம்தான் ஆபத்து. அடுத்து வருகிறவருக்கு அது தவறா, முடிவா என்றே தெரியாது.

ஒரு கணக்கு பாருங்கள். ஒரு மருந்து மாரடைப்பு போன்ற நிகழ்வுகளைக் கால்வாசி குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 20 பேருக்கு நிகழ்வு வரும் கூட்டத்தில் அது 15 ஆகும். ஒரு நிகழ்வைத் தடுக்க 20 பேருக்கு மருந்து தர வேண்டும். நூற்றுக்கு 8 பேருக்கே வரும் கூட்டத்தில் அது 6 ஆகும். இப்போது 50 பேருக்குத் தர வேண்டும். பக்கவிளைவு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய அதே அளவு. ஆய்வு ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஆனால் முதல் இடத்தில் ‘கொடு’ என்பது இரண்டாம் இடத்தில் ‘யோசித்துக் கொடு’ ஆகிவிடுகிறது. மூல வழிகாட்டியில் அடிப்படை ஆபத்து (மருந்து இல்லாமல் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நிகழ்வு வரும் என்பது) எவ்வளவு என்று தேடுங்கள். அந்த எண்ணை எங்குமே சொல்லாத வழிகாட்டியை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

எந்த முறையைப் பின்பற்றுவது?

பெயர் பெற்றவை இரண்டு. ‘அடாப்டே’ முறை மூன்று கட்டம், 24 படி: ஏற்பாடு, தகவமைப்பு, நிறைவு. 2017இல் வந்த ‘கிரேட் அடோலப்மென்ட்’ முறை ஒவ்வொரு பரிந்துரையையும் தனியாக எடுத்து, அப்படியே ஏற்பதா, மாற்றி ஏற்பதா, புதிதாக எழுதுவதா என்று முடிவெடுக்கச் சொல்கிறது. அதன் முடிவுச் சட்டகத்தில் 12 கேள்விகள் உண்டு: பிரச்சினை எவ்வளவு முக்கியம், நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு, ஆதாரம் எவ்வளவு உறுதி, செலவு, சமநீதி, ஏற்புடைமை, செய்யக்கூடியதா என்று போகும்.

24 படியையும் ஒரு கிளினிக் குழு ஏறி முடிக்காது. நடைமுறையில் சரியாக வருவது ஒரு கலவை: தேடுவதற்கும் தரம் பார்ப்பதற்கும் அடாப்டே, முடிவெடுக்க கிரேட் சட்டகம். எழுதி முடித்ததும் 2022இல் வந்த ‘ரைட் அடாப்ட்’ சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து, எதைச் சொல்ல மறந்தோம் என்று பாருங்கள். அதில் 34 உருப்படிகள். முதல் தடவை பாதிக்கு ‘இல்லை’ என்று வந்தால் திடுக்கிட வேண்டாம்.

குழுவில் யார் யார்?

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். அந்தத் துறை நிபுணர் ஒருவர் போதும். மூவர் வந்தால் கூட்டம் கருத்தரங்கு ஆகிவிடும். குடும்ப மருத்துவ நிபுணர், தினமும் நோயாளி பார்க்கும் மருத்துவ அதிகாரி இருவர், மருந்தாளர், தாதி, எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்), ஆய்வகத்திலிருந்து ஒருவர், நோயாளி அல்லது பராமரிப்பாளர் ஒருவர். எம்.ஏ.வை விட்டுவிடாதீர்கள். சுகாதாரக் கிளினிக்கில் நோயாளியை முதலில் தொடுகிறவர் அவர். ‘இந்த ஸ்ட்ரிப் மூன்று மாதமாக ஸ்டாக்கில் இல்லை’ என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் ஒரு மணி நேர விவாதத்தை மிச்சம் பிடிக்கும்.

கேள்வியை எப்படி அமைப்பது?

அடாப்டே ஐந்து கூறுகளைக் கேட்கிறது: எந்த மக்கள், என்ன சிகிச்சை, யார் பயன்படுத்தப் போகிறார், என்ன விளைவு, எந்த இடம். கடைசி மூன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ‘நீரிழிவுக்கு என்ன மருந்து’ என்பது கேள்வியே இல்லை. ‘சல்பனைல்யூரியா (சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை வகை) எடுக்கும் வகை 2 நீரிழிவு நோயாளி ஒருவேளை உணவு விரதம் இருக்கும்போது, தனியார் கிளினிக்கில் மருத்துவ அதிகாரி எந்த அளவுக்கு மருந்தை மாற்றினால் தாழ்சர்க்கரை வராது’ என்பது கேள்வி. முதல் முயற்சியில் ஐந்து கேள்விக்கு மேல் எடுக்காதீர்கள். மாதம் ஒரு கூட்டம் என்றால் ஐந்துக்கே அரை ஆண்டு ஓடிவிடும்.

மூல வழிகாட்டி நல்லதா இல்லையா என்று எப்படி அளப்பது?

‘அக்ரீ 2’ கருவியால். ஆறு பிரிவு, 23 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். குறைந்தது இருவர், முடிந்தால் நால்வர், ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியே மதிப்பிட வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

கூட்டல் இப்படி: மூன்றாம் பிரிவான உருவாக்க நேர்த்தியில் 8 கேள்விகள். நால்வர் மதிப்பிட்டால் உச்சம் 7×8×4 = 224, அடிமட்டம் 1×8×4 = 32. நால்வரின் கூட்டுத்தொகை 147 என்றால், 147இலிருந்து 32ஐக் கழித்து, வரும் 115ஐ 192ஆல் வகுக்க வேண்டும். 60 சதவீதம். பலர் 147ஐ 224ஆல் வகுத்து 66 என்று எழுதிவிடுகிறார்கள். அடிமட்டத்தைக் கழிக்க மறந்தால் மோசமான வழிகாட்டிகூடக் கொஞ்சம் பார்க்கும்படியாகத் தெரியும்.

இத்தனை சதவீதம் வந்தால் தேர்ச்சி என்று கருவி சொல்வதில்லை. குழுவே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும், மதிப்பெண் பார்த்த பிறகு அல்ல. ஆறு பிரிவையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. எங்கள் பழக்கம், மூன்றாம் பிரிவும் சார்பின்மையைப் பார்க்கும் ஆறாம் பிரிவும் முதலில் பார்ப்பது. வாசகமும் அமைப்பும் தெளிவாக இருப்பதற்கு நான்காம் பிரிவில் மதிப்பெண் கிடைத்துவிடும். அதில் மயங்க வேண்டாம். ஒரே கேள்விக்கு ஒருவர் 2, இன்னொருவர் 6 போட்டிருந்தால் சராசரி எடுத்து மூடிவிடாமல் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் ஒருவர் பின்னிணைப்பைத் திறந்திருக்க மாட்டார்.

நம்மூர் எங்கெங்கே வேறுபடும்?

இதுதான் பக்கத்தின் நடுப்பகுதி, நிதானமாகப் படிக்கலாம்.

முதலில் அலகு. அமெரிக்க வழிகாட்டிகள் மில்லிகிராம்/டெசிலிட்டரில் பேசும். நம் ஆய்வகங்கள் மில்லிமோல்/லிட்டரில். குளுக்கோஸை 18ஆல் வகுக்க வேண்டும்: 126 என்பது 7.0. கொலஸ்ட்ரால், எல்.டி.எல். இரண்டுக்கும் 38.67: 70 என்பது 1.8. டிரைகிளிசரைடுக்கு 88.6. கிரியேட்டினினை 88.4ஆல் பெருக்கினால் மைக்ரோமோல். தவறு நடப்பது டிரைகிளிசரைடில். கொலஸ்ட்ராலுக்குப் பயன்படுத்திய எண்ணையே அதற்கும் போட்டால் 1.7 வர வேண்டிய 150, 3.9 ஆகிவிடும். மாற்றிய எண்களை இருவர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து வரம்பு. உலக அளவில் எச்.பி.ஏ.1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 6.5 சதவீதத்தில் நீரிழிவு என்பார்கள், மலேசிய சி.பி.ஜி. 6.3 என்கிறது. அமெரிக்க வழிகாட்டியிலிருந்து ஓட்ட வரைபடத்தை அப்படியே ஒட்டினால் 6.4 உள்ளவர் நழுவிவிடுவார். ரத்த அழுத்தத்தில் தலைகீழ்: அமெரிக்க இதய அமைப்புகள் 2017இல் வரம்பை 130/80 ஆக்கின, மலேசியா 2018இல் 140/90ஐயே வைத்துக்கொண்டது. உடல் எடையில், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23, 27.5 என்ற நடவடிக்கைப் புள்ளிகளை உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் கலந்தாய்வு 2004இல் சொன்னது. 25, 30 என்று எழுதிய வழிகாட்டி நம்மில் பலரைத் தவறவிடும். ஒரே கோப்பில் இரண்டு நாட்டு வரம்பு கலந்துவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை.

ரத்தம். ஹீமோகுளோபின் ஈ, தலசீமியா நம் நாட்டில் சாதாரணம். சில ஆய்வக முறைகளில் ஈ வகை எச்.பி.ஏ.1சி அளவையே குழப்பும். சிவப்பணு சீக்கிரம் அழிந்தால் அளவு பொய்யாகக் குறையும். ஆகவே ‘எச்.பி.ஏ.1சி பார்’ என்ற பரிந்துரைக்குப் பக்கத்தில், உங்கள் ஆய்வகம் எந்த முறையைப் பயன்படுத்துகிறது, எண் பொருந்தாவிட்டால் எதைப் பார்ப்பது என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும். ஆய்வகத்திலிருந்து ஒருவர் குழுவில் வேண்டும் என்றது இதற்குத்தான். ஜி6பி.டி. குறைபாடும் (சில மருந்துகளால் சிவப்பணு உடையும் பிறவிக் குறை) அப்படியே. பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பது இங்கே வழக்கம் என்றாலும், பெரியவர்கள் பலருக்குத் தங்கள் முடிவு தெரியாது. நைட்ரோபியூரன்டாயின், பிரைமாகுயின் வரும் வழிகாட்டியில் அந்தக் கேள்வியை முன்னால் வையுங்கள்.

மரபணு. வலிப்பு மருந்தான கார்பமசெபினைத் தொடங்குமுன் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகையைப் பார்க்கும் தேவை ஐரோப்பிய வம்சாவளியினருக்கு அரிது; மலாய், சீன நோயாளிகளுக்கு அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்த்தொகுதியை (தோல் உரியும் கடும் மருந்து எதிர்வினை) தடுக்கும் சோதனை. இந்தியர்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கொலஸ்ட்ரால் மருந்தான ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்களின் ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு அளவில் நிற்கிறது. 5 மில்லிகிராமில் தொடங்குவதுதான் வழக்கம். ‘உயர் தீவிர ஸ்டாட்டின்: 20–40’ என்ற வரியை அப்படியே நகலெடுத்தால் இந்த இடத்தில் இடறும்.

நோயே வேறாக இருப்பது. காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபென் தரலாம் என்று குளிர்நாட்டு வழிகாட்டி எழுதும். டெங்கி திரியும் ஊரில், அது இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமோல் மட்டும்தான். சமூகத்தில் தொற்றும் நிமோனியாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் என்பது பல நாடுகளின் வழக்கம். ஆனால் இங்கே நீரிழிவு உள்ள, மண்ணோடும் சேற்றோடும் வேலை செய்யும் ஒருவர் கடும் நிமோனியாவோடு வந்தால் மெலியோய்டோசிஸ் (மண்ணில் வாழும் கிருமியின் தொற்று) நினைவுக்கு வர வேண்டும். அதற்கு செஃப்ட்ரியாக்சோன் போதாது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் வேண்டும். காசநோயும் அருகிலேயே நிற்கிறது. ஃபுளோரோகுயினோலோன் வகை ஆண்டிபயோட்டிக்கைக் கைக்கு எட்டிய மருந்தாக வைத்தால் காசநோய் கொஞ்ச நாள் அடங்கிப் பிறகு தாமதமாகப் பிடிபடும்.

பிறகு மருந்துப் பட்டியல். அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் யார் எழுதலாம் என்ற வகை உண்டு: ஏ நட்சத்திரம், ஏ, ஏ/கே.கே., பி, சி, சி பிளஸ். பி என்றால் மருத்துவ அதிகாரி எழுதலாம்; ஏ/கே.கே. என்றால் நிபுணர் அல்லது குடும்ப மருத்துவ நிபுணர். மூல வழிகாட்டி ‘ஆரம்ப மருத்துவத்தில் தொடங்கு’ என்று சொல்லும் மருந்து இங்கே ஏ/கே.கே. வகையில் இருந்தால், அந்தப் பரிந்துரை மருத்துவ அதிகாரி மேசையில் செத்துப்போகும். மாற்று என்ன, யாரிடம் அனுப்புவது, நிபுணர் வாரத்தில் எந்த நாள் வருவார் என்பதையும் எழுத வேண்டும். தனியார் கிளினிக்கில் இந்த வகைப் பிரச்சினை இல்லை. அங்கே விலைதான் வகை. மாதம் எத்தனை ரிங்கிட் ஆகும் என்று மருந்துக்குப் பக்கத்தில் குறியுங்கள். மூன்றாம் மாதம் நோயாளி ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கும்.

இந்தியாவில் படித்துவந்தோம். இந்திய வழிகாட்டி நமக்கு நெருக்கம்தானே?

சிலவற்றில் ஆம். பாம்புக்கடியில் கண்டிப்பாக இல்லை. இந்திய நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. பினாங்கு, கெடா, பெர்லிஸ் பக்கம் அதிகம் கடிப்பது மலாயா குழிவிரியன். அதற்கு இந்திய மருந்து பயன்படாது. இங்கே பயன்படுவது பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நிலையம் தயாரிப்பவை. இந்திய நெறிமுறையின் ‘முதலில் 8 முதல் 10 குப்பி’ என்ற எண்ணையும் கொண்டுவர முடியாது. ஒரு குப்பி எவ்வளவு நஞ்சை முறிக்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் சுருண்டு கிடக்கும் வாக்லர் குழிவிரியனுக்குத் தனி நச்சுமுறியே இல்லை. அங்கே தேவை ஆதரவுச் சிகிச்சையும் கண்காணிப்பும்.

ஆனால் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை, கடித்த அங்கத்தை அசையாமல் வைப்பது, வெட்டிக் கட்டுவதைத் தடுப்பது எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே வழிகாட்டியில் ஒரு பரிந்துரையை ஏற்று இன்னொன்றைத் தள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பாம்பை அடையாளம் காணச் சந்தேகம் என்றால் நாட்டில் ஆர்.இ.சி.எஸ். என்ற 24 மணி நேர ஆலோசனைச் சேவை இருக்கிறது. அதை ஓட்ட வரைபடத்தின் முதல் பெட்டியிலேயே போடுங்கள்.

ஆண்டிபயோட்டிக் வழிகாட்டிக்கு எங்கள் மருத்துவமனையின் கிருமி எதிர்ப்புப் பட்டியலை (எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்ற கணக்கு) பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், மூன்று பொறிகளைத் தாண்டினால். ஒரு கிருமிக்குக் குறைந்தது 30 மாதிரி இல்லாவிட்டால் சதவீதம் போடக் கூடாது. ஒரு நோயாளியிடமிருந்து அந்த ஆண்டின் முதல் மாதிரியை மட்டுமே எண்ண வேண்டும். தீவிரப் பிரிவில் மூன்று மாதம் படுத்த ஒருவரின் பத்து மாதிரி உங்கள் எதிர்ப்பு விகிதத்தையே ஏற்றிவிடும். மூன்றாவதுதான் பெரியது: வார்டு எண்ணைக் கிளினிக்குக்கு எடுத்துவருவது. கிளினிக்கில் சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு யாரும் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அனுப்புவதில்லை, மருந்து தோற்ற பிறகே அனுப்புகிறார்கள். அந்த மாதிரிகளில் எதிர்ப்பு அதிகமாகத்தான் இருக்கும்.

கோ-டிரைமோக்சசோலுக்கு எதிர்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு ஊகத்தில் தர வேண்டாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகளின் 2010 வழிகாட்டி சொல்கிறது. அந்த 20ஐ எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. மூன்று மாதம், வரும் ஒவ்வொரு சிறுநீர்த் தொற்றுக்கும் மருந்துக்கு முன் கல்ச்சர் எடுத்துப் பாருங்கள். செலவு உண்டு. ஆனால் அதன் பிறகு உங்கள் எண் உங்களுடையது.

ஒரு பரிந்துரையை முழுதாக மாற்றிக் காட்ட முடியுமா?

தைப்பூச விரதம். ரமலான் நோன்பில் நீரிழிவைக் கவனிப்பதற்கு வழிகாட்டிகள் உண்டு. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்போடு சேர்ந்து வெளிவந்தது பரவலாகப் பயன்படுகிறது. தை மாதம் நெருங்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கிலும் ஜார்ஜ் டவுன் கிளினிக்கிலும் வந்து உட்காரும் நம் நோயாளிக்கு அப்படி ஒன்றும் கையில் இல்லை. ஆகவே ரமலான் வழிகாட்டியை மூலமாக எடுக்கிறோம்.

முதல் வேலை, இரண்டு விரதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ரமலானில் பகல் முழுதும் தண்ணீர்கூட இல்லை. விடியலுக்கு முன்னும் சூரியன் மறைந்ததும் சாப்பாடு. ஏறக்குறைய ஒரு மாதம். தைப்பூச விரதம் வீட்டுக்கு வீடு மாறும்: 48 நாள், 21 நாள், 9 நாள், சிலருக்கு மூன்றே நாள். ஒருவேளை சைவ உணவு. தண்ணீர், பால், பழம், இளநீர் பெரும்பாலும் உண்டு. அந்த ஒருவேளை சிலருக்கு மதியம், சிலருக்கு மாலை பூஜைக்குப் பிறகு. கடைசி நாள் காவடியோடு வெறுங்காலில் நடை. பத்துமலையில் 272 படி, பினாங்கு தண்ணீர்மலையில் 513.

இப்போது பரிந்துரை பரிந்துரையாக. ‘சர்க்கரை 3.9க்குக் கீழே போனாலோ 16.6க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறிக்கவும்’: அப்படியே ஏற்கிறோம், உடலுக்கு எந்த விரதம் என்று தெரியாது. ‘கிளிபென்கிளமைடைத் தவிர்த்து கிளிகிளசைடுக்கு மாறவும்’ (இரண்டும் சல்பனைல்யூரியா வகையே): ஏற்கிறோம். ‘இருவேளை சல்பனைல்யூரியாவில் பெரிய பங்கை நோன்பு திறக்கும் உணவோடு கொடுக்கவும், விடியல் பங்கைக் குறைக்கவும்’: இதை அப்படியே வைக்க முடியாது. நம் நோயாளிக்கு இரண்டாவது சாப்பாடே இல்லை. ஆகவே மாற்றம்: ‘முழு உணவு எப்போது என்று கேட்டு, மருந்தை அதோடு மட்டும் கொடுக்கவும், பால், பழத்தை உணவாகக் கணக்கிட்டு இன்னொரு வேளை மாத்திரை தர வேண்டாம்.’

எஸ்.ஜி.எல்.டி.2 மாத்திரை (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது). தண்ணீர் உண்டு என்பதால் நீரிழப்புப் பயம் ரமலானைவிடக் குறைவு. ஆனால் மாவுச்சத்து பல வாரம் குறைவதால் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) பயம் குறையவில்லை. இங்கே குழு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். கடைசியாக, ரமலான் வழிகாட்டியில் இல்லவே இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோம்: வெறுங்கால். விரதம் தொடங்கும் வருகையிலேயே 10 கிராம் மோனோஃபிலமென்டால் (தொடு உணர்வைப் பார்க்கும் நைலான் இழை) பாதத்தைச் சோதிக்க வேண்டும். உணர்வு இல்லாதவரிடம் நடையைப் பற்றி அன்றைக்கே பேச வேண்டும். இது புதிதாக எழுதிய பரிந்துரை. மூலத்திலிருந்து வந்ததுபோல் வேஷம் போடக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஆறு கட்டம்: மூல வாசகம் அப்படியே; மூலத்தின் பதிப்பும் பக்கமும்; நம் வாசகம்; ஏற்றது, மாற்றியது, புதியது என்பதில் எது; காரணம்; முடிவான தேதி, யார் யார் இருந்தனர். சல்பனைல்யூரியா வரியில் ‘காரணம்’ கட்டத்தில் இப்படி வரும்: ‘ஆதாரம் ரமலான் நோன்பாளிகளிடமிருந்து, நம் கூட்டத்துக்கு மறைமுகம், ஆகவே உறுதி ஒரு படி குறைகிறது, தாழ்சர்க்கரையைத் தவிர்ப்பதற்கு முன்னுரிமை கொடுத்து நிபந்தனைப் பரிந்துரையாக வைக்கிறோம்.’ அந்த ‘ஒரு படி குறைகிறது’ என்பதை எழுதக் கூச்சப்படாதீர்கள்.

பரிந்துரையின் சொற்களைத் தமிழிலோ மலாயிலோ எழுதும்போது எதில் கவனம் வேண்டும்?

வலிமையில். பிரிட்டனில் வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பு ஒரு குறிப்பிட்ட வினைச்சொல்லை வலுவான பரிந்துரைக்கும், இன்னொன்றைத் தளர்வானதற்கும் வைத்திருக்கிறது. வலுவானதற்கான ‘ஆஃபர்’ என்ற சொல்லை ‘வேண்டுமா என்று கேட்டுப் பார்க்கலாம்’ என்று மொழிபெயர்த்தால் பொருளே கவிழ்ந்துவிடும், ‘கன்சிடர்’தான் தளர்வானது. தமிழில் நம் ‘-லாம்’ விகுதி பெரிய வஞ்சகன். ‘இன்சுலின் தொடங்கலாம்’ என்றால் அனுமதியா, ஆலோசனையா, ‘வா, தொடங்குவோம்’ என்ற முடிவா? வலுவானதற்கு ‘தொடங்க வேண்டும்’, நிபந்தனை உள்ளதற்கு ‘நோயாளியோடு பேசி, பொருந்தினால் தொடங்கவும்’ என்று இரண்டே வடிவத்தை வைத்துக்கொண்டு, ‘-லாம்’ஐப் பரிந்துரை வரிகளிலிருந்து தூக்கிவிடுங்கள்.

பதிப்புரிமை?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016 கடைசியிலிருந்து வந்த வெளியீடுகள் பெரும்பாலும், வணிக நோக்கில்லாமல் தகவமைக்க அனுமதிக்கும் உரிமத்தில் வருகின்றன. இது நிறுவனம் செய்த தகவமைப்பு அல்ல என்ற அறிவிப்பைச் சேர்க்க வேண்டும், அவர்கள் சின்னத்தைப் போடக் கூடாது, உங்கள் பதிப்பையும் அதே உரிமத்தில் விட வேண்டும். நைஸின் திறந்த உரிமம் பிரிட்டனுக்குள் மட்டும். இங்கிருந்து எடுக்க அனுமதி கேட்க வேண்டும். மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டிக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். வேலை தொடங்கும் வாரமே கேளுங்கள், அச்சுக்குப் போகும் வாரம் அல்ல.

மருந்து நிறுவனம் கூட்டத்துக்குச் சாப்பாடு தருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். நாசி லெமாக் பொட்டலம் எத்தனை ரிங்கிட்? சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் எல்லாரும் கடந்த மூன்று ஆண்டில் பெற்ற சொற்பொழிவுப் பணம், பயணம், ஆய்வு நிதியை எழுதிக் கொடுக்க வேண்டும். தொடர்பு உள்ளவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டியதில்லை. அந்த மருந்து வாக்குக்கு வரும்போது வெளியே நிற்பார், தலைவராக இருக்க மாட்டார்.

வழிகாட்டியை மீறினால் சட்டச் சிக்கல் வருமா?

வழிகாட்டி சட்டம் அல்ல. ஆனால் உங்கள் இடமே எழுதி ஒப்புக்கொண்ட ஒன்றைக் காரணம் எழுதாமல் மீறினால் விளக்குவது கடினம். நோயாளிக் குறிப்பில் ஒரே வரி போதும்: எதை விட்டு எதைச் செய்தோம், ஏன். இன்னொன்று: செய்ய முடியாததை வழிகாட்டியில் எழுதாதீர்கள். ‘ஒரு மணி நேரத்துக்குள் எக்கோ (இதய ஸ்கேன்)’ என்று எழுதிவிட்டு எக்கோ ஆள் வாரம் இருமுறைதான் வருகிறார் என்றால், அந்த வரி உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

அமெரிக்க அரசு அமைப்பு ஒன்றின் 17 வழிகாட்டிகளை ஆராய்ந்து 2001இல் வந்த கட்டுரை, 5.8 ஆண்டில் பாதி காலாவதி ஆகிவிட்டன என்றும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. தகவமைத்த வழிகாட்டிக்கு இன்னொரு கணக்கும் சேரும்: உங்கள் தேதி 2025 என்றாலும் மூலத்தின் தேடல் 2021இல் நின்றிருந்தால் உங்கள் ஆதாரத்தின் வயது 2021தான். முகப்பில் இரண்டு தேதியையும் போடுங்கள். மருந்து வகை மாறினாலோ ஸ்டாக் நின்றாலோ மூன்றாண்டு காத்திருக்க வேண்டாம். அந்த வரியை மட்டும் திருத்திப் பதிப்பு எண்ணை ஏற்றுங்கள்.

எழுதி முடித்துப் பகிர்ந்தோம். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஏன்?

பெரும்பாலும், நாற்பது பக்கப் பி.டி.எஃப்.ஐ வாட்சப் குழுவில் போட்டிருப்பீர்கள். மேசைக்கு ஒரு பக்கம் போதும்; மீதி, கேட்கிறவருக்கு. அந்த ஒரு பக்கத்தை அச்சுக்கு முன் புதிதாக வந்த மருத்துவ அதிகாரி ஒருவரிடம் கொடுத்து, கற்பனை நோயாளி ஒருவரைச் சொல்லி, ‘இப்போது என்ன எழுதுவீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் விரல் எந்தப் பெட்டியில் தயங்கி நிற்கிறதோ அந்தப் பெட்டி தவறு. அவர் தவறில்லை.

பிறகு அளவீடு. மூன்றுக்கு மேல் குறியீடு வேண்டாம். தைப்பூச உதாரணத்தில்: நீரிழிவு நோயாளியிடம் விரதம் இருப்பீர்களா என்று மார்கழிக்குள் கேட்டதாகப் பதிவு உண்டா, சல்பனைல்யூரியா அளவு மாற்றப்பட்டதா, பாதம் சோதிக்கப்பட்டதா. வழிகாட்டிக்கு முன் 30 கார்டு, பின் 30 கார்டு எடுத்துப் பாருங்கள். முதல் ஆண்டு ‘விரதம் கேட்டோம்’ என்பது மட்டும் ஏறி மற்ற இரண்டும் அசையாமல் இருந்தால், மோனோஃபிலமென்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி மதியத்துக்கு மேல் வருகிற தாதியிடம் இருக்கும்.